குடியேறிகள் நிறைந்த வட்டாரத்தில் குற்றம் அதிகமா? சிகாகோவுக்கு வரும் ஒருவருக்கு எழுதிய பதில்

அடுத்த மாதம் சென்னையிலிருந்து சிகாகோவுக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு வரவிருப்பதாகவும், வாடகைக்கு வீடு தேடும்போது "வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் அதிகமுள்ள பகுதிப் பக்கமே போகாதீர்கள், அங்கே குற்றம் அதிகம்" என்று அலுவலக நண்பர் எச்சரித்ததாகவும் எழுதி, அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குடியேறி வந்த ஒருவர், உள்ளூரில் பிறந்தவரைவிடக் குற்றம் செய்யும் வாய்ப்பு அதிகமா என்பது ஒன்று. குடியேறிகள் நிறைந்த வட்டாரத்தில் மற்ற வட்டாரங்களைவிடக் குற்றம் அதிகம் நடக்கிறதா என்பது இன்னொன்று. ஒரே வட்டாரத்தில் குடியேறிகளின் பங்கு ஏற ஏறக் குற்றமும் ஏறுகிறதா என்பது மூன்றாவது. உங்கள் நண்பர் வாயால் சொன்னது இரண்டாவதை. மனத்தில் வைத்திருந்தது, பெரும்பாலும், முதலாவதை. நகரக் குற்றப் பதிவுகளையும் மக்கள்தொகைக் கணக்கையும் பொருத்திப் பார்க்கும் வேலையிலும் அதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்ற முறையில், இவற்றில் எது உறுதியானது, எது இன்னும் விவாதத்தில் இருப்பது என்று பிரித்துச் சொல்ல முயல்கிறேன். நீங்களும் விமானத்திலிருந்து இறங்கிய நாள் முதல் "வெளிநாட்டில் பிறந்தவர்" என்ற பத்தியில் ஓர் எண்ணாகிவிடுவீர்கள் என்பதை மட்டும் முதலிலேயே நினைவூட்டிவிடுகிறேன்.

மூன்று கேள்விகளையும் ஏன் கலக்கக் கூடாது என்பதற்கு என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரே உதாரணத்தைத்தான் சொல்வேன். 1950-இல் ராபின்சன் என்ற சமூகவியலாளர், 1930-ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை எடுத்து, வெளிநாட்டில் பிறந்திருப்பதற்கும் எழுதப் படிக்கத் தெரியாமல் இருப்பதற்கும் என்ன தொடர்பு என்று பார்த்தார். ஆள் ஆளாகப் பார்த்தபோது, வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவின்மை சற்று அதிகம். ஆனால் அன்றைய 48 மாநிலங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது கணக்கு தலைகீழானது: குடியேறிகள் அதிகமுள்ள மாநிலங்களில்தான் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. புதிர் ஒன்றுமில்லை. வேலையும் பள்ளிகளும் இருந்த வடக்கு மாநிலங்களைத் தேடி அவர்கள் போனார்கள். எழுத்தறிவு குறைந்த தெற்கு மாநிலங்களுக்குப் போகவில்லை. யார் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல், இடத்தின் விகிதத்தைப் பார்த்து ஆளின் குணத்தைச் சொல்லப் புகுந்தால் இப்படித்தான் ஏமாறுவோம். குற்றக் கணக்கில் இதே தவறு எதிர்த்திசையில் நடக்கிறது. கையில் காசில்லாமல் வருபவர் வாடகை மலிவான இடத்துக்குப் போகிறார். மலிவான இடங்களில் பல ஏற்கெனவே குற்றம் மிகுந்தவை. பழி வந்தவர் தலையில் விழுகிறது.

இதைப் பேசச் சிகாகோவைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஏனெனில் இந்த ஆய்வுத் துறை பிறந்ததே அங்குதான். கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இருவர், சிறார் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட பையன்களின் வீட்டு முகவரிகளை நகர வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியாகக் குறித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகள், 1917 முதல் 1923 வரை, 1927 முதல் 1933 வரை என்று மூன்று காலத் தொகுதிகள். 1942-இல் முழுமையாக வெளிவந்த அந்த ஆய்வில் தெரியவந்தது இதுதான்: தொழிற்சாலைகளையும் நகர மையத்தையும் ஒட்டிய சில வட்டாரங்களில் சிறார் குற்ற விகிதம் முப்பது ஆண்டுகளும் உயர்வாகவே நின்றது, ஆனால் அங்கே குடியிருந்தவர்கள் அதற்குள் அடியோடு மாறிவிட்டார்கள். முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் ஸ்வீடன்காரரும். பிறகு இத்தாலியரும் போலந்துக்காரரும். அதன் பிறகு தெற்கிலிருந்து வந்த கறுப்பின மக்கள். ஒவ்வொரு கூட்டமும் அங்கே இருந்தவரை அதன் பையன்கள் நீதிமன்றம் ஏறினார்கள்; அதே கூட்டம் நாலு காசு சேர்த்து நகரின் வெளிவட்டத்துக்கு நகர்ந்ததும் அதன் குற்ற விகிதமும் இறங்கியது. குற்றம் ஆட்களோடு பெட்டி கட்டிக்கொண்டு போகவில்லை, இடத்திலேயே தங்கிவிட்டது.

ஆனால் இதிலிருந்து எங்கள் துறை எடுத்துக்கொண்ட பாடத்தில் பாதி தவறு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வறுமை, ஆட்கள் அடிக்கடி குடிமாறுவது, பல மொழி பேசுவோர் கலந்து வாழ்வது ஆகிய மூன்றும் சேர்ந்தால் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் அறியாமல் போகிறார்கள், பிள்ளைகளைக் கண்டிக்க யாருமில்லாமல் போகிறது, அதனால் குற்றம் பெருகுகிறது என்பது ஷா, மெக்கே வழிவந்த கோட்பாடு. இதன்படி, குடியேறிகள் புதிதாக வந்துகொண்டே இருக்கும் வட்டாரத்தில் குற்றம் கூடத்தான் வேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேல் பாடப்புத்தகங்கள் இதையே சொல்லின. 1990களில் ஆய்வாளர்கள் புதிய தரவுகளோடு இதைச் சோதித்தபோதுதான் வறுமை பற்றிய பகுதி நின்றது, குடியேற்றம் பற்றிய பகுதி நிற்கவில்லை என்பது தெரியவந்தது.

இனி முதல் கேள்வி. ஆள் ஆளாகப் பார்த்தால், அமெரிக்காவைப் பொறுத்தவரை விடை ஓரளவு உறுதியானது: குடியேறி வந்தவர்கள் உள்நாட்டில் பிறந்தவர்களைவிடக் குறைவாகவே குற்றங்களில் பிடிபடுகிறார்கள். இது புதிய செய்தியுமல்ல. குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த விரும்பியவர்கள் நிறைந்திருந்த, குடியேற்றத்தை ஆராய அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த டில்லிங்ஹாம் ஆணையமே, 1911-இல் வெளியிட்ட அறிக்கையில், குடியேற்றத்தால் குற்றம் அளவுக்கு மீறிக் கூடியதற்குத் திருப்தியான சான்று இல்லை என்று ஒப்புக்கொண்டது. 1931-இல், சட்ட அமலாக்கத்தை ஆராய அமைக்கப்பட்ட விக்கர்ஷாம் ஆணையமும் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 18 முதல் 39 வயதுக்கு உட்பட்ட ஆண்களில், உள்நாட்டில் பிறந்தோரில் 3.51 விழுக்காட்டினர் சிறையில் இருந்தார்கள். வெளிநாட்டில் பிறந்தோரில் 0.86 விழுக்காட்டினர். பொருளாதார வரலாற்றாய்வாளர்கள் சிலர் 1870 முதல் 2020 வரையிலான 150 ஆண்டுக் கணக்கெடுப்புகளை அலசி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் காலம் முழுவதிலும் குடியேறிகளின் சிறைவாச விகிதம் உள்நாட்டவரைவிட ஒருபோதும் உயர்ந்ததில்லை என்றும், 1960-க்குப் பிறகு இடைவெளி பெரிதாகி, இப்போது குடியேறிகள் சிறையிலிருக்கும் வாய்ப்பு 60 விழுக்காடு குறைவு என்றும் கண்டார்கள். சிறை எண்ணிக்கையில் ஓர் ஓட்டை உண்டு: குற்றம் செய்த வெளிநாட்டவர் சிலர் நாடு கடத்தப்பட்டுவிடுவதால் சிறைக் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார்கள். அதனால் கைதுக் கணக்கையும் பார்ப்பது நல்லது. டெக்சாஸ் மாநிலத்தில் கைதாகும் ஒவ்வொருவரின் குடியேற்ற நிலையும் சரிபார்க்கப்படுகிறது. 2012 முதல் 2018 வரையிலான அந்தப் பதிவுகளில், அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதாகும் விகிதம், ஆவணமில்லாத குடியேறிகளின் விகிதத்தைப் போல் இரு மடங்குக்கும் மேல். சொத்துக் குற்றங்களில் நான்கு மடங்குக்கும் மேல்.

இரண்டாவது கேள்விக்கு மறுபடி சிகாகோவுக்கே வருகிறேன். சமூகவியலாளர் ராபர்ட் சாம்ப்சனும் அவருடைய குழுவினரும் 1995 முதல் 2002 வரை, 180 வட்டாரங்களைச் சேர்ந்த, 8 முதல் 25 வயது வரையிலான ஏறத்தாழ 3,000 பேரைத் தொடர்ந்து சந்தித்து, போலீஸ் பதிவை நம்பாமல் அவர்களிடமே கேட்டு ஆராய்ந்தார்கள். தாமே குடியேறி வந்தவர்கள், மூன்றாம் தலைமுறையினரைவிட, அதாவது பெற்றோரும் அமெரிக்காவிலேயே பிறந்தவர்களைவிட, வன்முறையில் ஈடுபடும் வாய்ப்பு 45 விழுக்காடு குறைவாக இருந்தது. குடியேறிகளின் பிள்ளைகளிடம் 22 விழுக்காடு குறைவாக இருந்தது. இதைவிட முக்கியமானது அடுத்த கண்டுபிடிப்பு: குடியேறிகள் செறிந்த வட்டாரத்தில் வாழ்வதே, வறுமை போன்ற மற்றவற்றைச் சமன் செய்து பார்க்கும்போது, குறைந்த வன்முறையோடு சேர்ந்து காணப்பட்டது. மெக்சிகோ எல்லையில் இருக்கும் எல் பாசோ இதற்கு எல்லாரும் சொல்லும் சான்று. ஏழை ஊர், மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். 2010-இல் எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவிலுள்ள ஹுவாரெஸ் நகரில் 3,000-க்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தபோது, ஆறு லட்சத்துக்கு மேல் மக்களுள்ள எல் பாசோவில் நடந்தவை ஐந்து.

நீங்கள் நேரில் பார்க்கப்போகும் ஓரிடத்தையும் சொல்கிறேன். மேற்குச் சிகாகோவில் லாண்டேல் என்ற பெயரில் அடுத்தடுத்து இரண்டு பகுதிகள் இருக்கின்றன. வடக்கு லாண்டேலில் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, வீடுகள் இடிந்து, மக்கள் வெளியேறி, காலி மனைகளே மிஞ்சின. தெற்கு லாண்டேலை எல்லாரும் லிட்டில் வில்லேஜ் என்பார்கள். ஒரு காலத்தில் செக் மக்களின் ஊராக இருந்து பிறகு மெக்சிகோக்காரர்களின் ஊரானது. அதன் 26-ஆம் தெருவில் நடந்தால் ரொட்டிக்கடை, திருமண உடைக்கடை, தள்ளுவண்டி என்று நெருக்கமாகக் கடைகள். 1995 ஜூலையில் சிகாகோவில் கடும் வெப்ப அலை வந்து 700-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, வடக்கு லாண்டேலில் இறப்பு விகிதம் தெற்கைப் போல் பத்து மடங்கு இருந்தது. தனியாக வாழும் ஏழை முதியவர்கள் இரு பகுதிகளிலும் இருந்தார்கள். தெற்குப் பகுதியில் அவர்கள் இறங்கி நடக்க ஆளுள்ள தெருவும் உட்காரக் குளிர்ந்த கடையும் இருந்தன. இது குற்றக் கணக்கு அல்ல என்பது தெரியும். ஆனால் புதிதாக வந்தவர்கள் காலி வீட்டை நிரப்பிக் கடை திறக்கும்போது தெருவுக்கு என்ன நேர்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண் என்னிடம் இல்லை. அதற்காக லிட்டில் வில்லேஜைச் சொர்க்கமாக்கிவிடவும் மாட்டேன். பல ஆண்டுகளாக இரண்டு கும்பல்கள் அந்தப் பகுதியைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்துக்கொண்டு சுட்டுக்கொள்கின்றன. நடுவில் அகப்பட்ட பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள்.

மூன்றாவது கேள்வியில் என் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். குடியேற்றம் கூடினால் குற்றம் குறையும் என்று அடித்துச் சொல்வோரும் இருக்கிறார்கள். 1990களில் அமெரிக்காவில் வெளிநாட்டில் பிறந்தோரின் பங்கு ஏறத்தாழ 8 விழுக்காட்டிலிருந்து 11 விழுக்காடாக ஏறியது, அதே பத்தாண்டில் குற்றம் சரிந்தது என்பதை அவர்கள் காட்டுவார்கள். இரண்டும் சேர்ந்து நடந்தன என்பது மெய். ஒன்றால் மற்றொன்று நடந்தது என்பதற்கு அது போதாது. 1994 முதல் 2014 வரை வெளிவந்த 51 ஆய்வுகளைக் குற்றவியலாளர் சாரிஸ் குப்ரினும் அவருடைய சக ஆய்வாளரும் ஒன்றுதிரட்டி 2018-இல் கணக்கிட்டபோது, சராசரித் தொடர்பு எதிர்மறையாக, அதாவது குடியேற்றம் கூடுகிற இடத்தில் குற்றம் குறைவதாகத்தான் வந்தது. ஆனால் மிக மிகப் பலவீனமாக. தனித்தனி ஆய்வுகளில் அதிகம் கிடைத்த விடை "தொடர்பு இல்லை" என்பதே. சிகாகோவில் அண்மையில் நடந்ததும் இப்படித்தான். 2022 ஆகஸ்டு முதல் டெக்சாஸ் ஆளுநர், எல்லையில் வந்திறங்கியவர்களைப் பேருந்துகளில் ஏற்றிச் சிகாகோவுக்கு அனுப்பினார். பல்லாயிரம் பேர் வந்தார்கள். காவல் நிலையத் தரைகளில் குடும்பங்கள் படுத்திருந்தன. 2021-இல் ஏறத்தாழ 800-ஆக இருந்த நகரக் கொலைகள் 2023-இல் 617-ஆகவும் 2024-இல் 573-ஆகவும் இறங்கின. வந்தவர்கள் கொலையைக் கூட்டவில்லை என்பதற்கு இது நல்ல சான்று. அவர்கள்தாம் குறைத்தார்கள் என்பதற்கு அல்ல, ஏனெனில் அதே ஆண்டுகளில் குடியேறிகள் அதிகம் வராத நகரங்களிலும் கொலைகள் குறைந்தன.

எண்களைப் பற்றி ஒரு பெரிய எச்சரிக்கை. குடியேறிகள், அதுவும் ஆவணம் இல்லாதவர்கள், போலீசிடம் போக அஞ்சுவார்கள். 2017-இன் தொடக்க மாதங்களில் லத்தீன் அமெரிக்க வம்சாவளி மக்களிடமிருந்து வரும் பாலியல் வன்முறைப் புகார்கள் முந்தைய ஆண்டைவிட 25 விழுக்காடு குறைந்திருப்பதாக லாஸ் ஏஞ்சலிஸ் காவல் தலைவர் அறிவித்தபோது, குற்றம் குறைந்துவிட்டதாக அவர் மகிழவில்லை. நாடு கடத்தலுக்குப் பயந்து புகார் தராமல் இருக்கிறார்கள் என்றுதான் சொன்னார். இதனால்தான் நாங்கள் கொலைகளைப் பிடித்துக்கொள்கிறோம். பிணத்தை மறைப்பது புகாரை மறைப்பதைவிடக் கடினம். எதிர்ப்பக்கமாகவும் ஒரு சிக்கல் இருக்கிறது. வங்கிக் கணக்கு இல்லாமல், கூலியை ரொக்கமாக வாங்கிக்கொண்டு இரவில் நடந்து வீடு திரும்பும் தொழிலாளி வழிப்பறிக்காரருக்கு வசதியான இரை. அவர் பறிகொடுத்தாலும் குற்றம் அந்த வட்டாரத்தின் கணக்கில்தான் ஏறுகிறது. வரைபடத்தைப் பார்ப்பவர் அதைச் செய்தவரின் முகவரியாகப் படித்துவிடுகிறார்.

இவ்வளவும் அமெரிக்கக் கதை. ஐரோப்பாவுக்குப் போனால் படம் மாறுகிறது. அதை மறைத்துப் பேசுவது சரியல்ல. ஸ்வீடனில் அரசின் குற்றத்தடுப்பு அமைப்பு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வெளிநாட்டில் பிறந்தவர்கள் குற்றச் சந்தேகத்துக்கு உள்ளாகிப் பதிவாகும் விகிதம், உள்நாட்டுப் பெற்றோருக்கு அங்கேயே பிறந்தவர்களைப் போல் 2.5 மடங்கு, குடியேறிகளின் பிள்ளைகளிடம் அது இன்னும் அதிகம். வயது, வருமானம் போன்றவற்றைக் கழித்தால் இடைவெளி சுருங்குகிறது, மறையவில்லை. ஏன் இப்படி என்பதற்குப் பிரிட்டன் ஒரு துப்பு தருகிறது. அங்கே 1990களின் இறுதியில் பெருந்தொகையாகப் புகலிடம் கேட்டு வந்தவர்கள் குடியமர்த்தப்பட்ட பகுதிகளில் சொத்துக் குற்றம் சற்றே கூடியது. 2004-க்குப் பிறகு கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய பகுதிகளில் கூடவில்லை. வன்முறைக் குற்றம் இரண்டிலும் மாறவில்லை. முதல் கூட்டத்துக்கு வேலை செய்ய அனுமதியில்லை, இரண்டாவது கூட்டம் வந்ததே வேலைக்கு என்பதுதான் அந்த ஆய்வாளர்கள் சுட்டிய வேறுபாடு.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு டென்மார்க்கில் நடந்தது. 1986 முதல் 1998 வரை அந்த அரசு, அகதிக் குடும்பங்கள் எந்த ஊரில் குடியேற வேண்டும் என்பதைத் தானே ஒதுக்கியது. எனவே மலிவான வாடகை, தெரிந்த உறவினர் என்று அவர்களாகத் தேடிப் போய்ச் சேரும் சிக்கல் பெரும்பாலும் இல்லை. ஏறக்குறையச் சீட்டுக் குலுக்கிப் போட்டது போல. இளைஞர்களில் வன்முறைக்குத் தண்டனை பெற்றவர்கள் அதிகமிருந்த ஊருக்கு ஒதுக்கப்பட்ட குடும்பங்களின் பையன்கள், பிற்காலத்தில் தாங்களும் தண்டனை பெறும் வாய்ப்பு கூடியது. பெண் பிள்ளைகளிடம் அந்தப் பாதிப்பு தெரியவில்லை. வந்தவர் ஊரை என்ன செய்கிறார் என்று எல்லாரும் கேட்கிறோம். ஊர் வந்தவரின் பிள்ளையை என்ன செய்கிறது என்பதைத் தூய்மையாக அளந்த ஆய்வுகள் மிகக் குறைவு, இது அவற்றில் ஒன்று. தமிழர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள டென்மார்க் வரை போக வேண்டியதில்லை. 1990களில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஈழத் தமிழ் இளைஞர் குழுக்கள் இரண்டு ஒன்றோடொன்று மோதிச் சுட்டுக்கொண்டதும், 2001-இல் போலீஸ் பலரை மொத்தமாகக் கைது செய்ததும் அங்குள்ளவர்கள் மறக்காதவை. அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் சமூகத்தின் மிகச் சிறு பகுதி. ஆனாலும் அந்தச் சில ஆண்டுகளில் தமிழ்ப் பெயர் கொண்ட எந்தப் பையனையும் போலீஸ் வண்டி நிறுத்தியது என்பதை அங்கே வளர்ந்த என் மாணவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே சமூகத்தைப் பற்றி இன்று ஸ்கார்பரோவில் பேசினால் உணவகமும் வீட்டு விற்பனையும் தேர்தலும்தான் பேச்சில் வருகின்றன.

காரணம் என்ன என்று கேட்டால், இங்கிருந்து நான் சொல்வதெல்லாம் ஊகத்துக்கு நெருக்கமானவை. நாடு விட்டு நாடு வரத் துணிபவர் பொதுவாக வேலையையும் எதிர்காலத்தையும் குறிவைத்து வருபவர், எனவே வருவோரே வடிகட்டப்பட்டுத்தான் வருகிறார்கள் என்பது ஒரு விளக்கம். சிறு குற்றத்துக்கும் நாடு கடத்தப்படலாம் என்ற அச்சம் மற்றொன்று. உறவும் கோயிலும் தேவாலயமும் கண்காணிக்கும் கண்களாக இருப்பது மூன்றாவது. என் அனுபவத்தில் முதல் விளக்கத்துக்குத்தான் எடை அதிகம். தலைமுறை ஏற ஏறக் குற்ற விகிதம் உள்நாட்டவரின் அளவை நோக்கி நகர்வது அதனோடு பொருந்துகிறது: வடிகட்டப்பட்டது வந்தவர், அங்கேயே பிறந்த பேரன் அல்ல. ஆனால் மூன்றையும் பிரித்து அளக்கும் தரவு நம்மிடம் இல்லை.

உங்கள் வீட்டுக்கு வருவோம். சிகாகோ நகராட்சி 2001 முதல் பதிவான குற்றங்கள் ஒவ்வொன்றையும் பிளாக், அதாவது இரண்டு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட துண்டு, அளவிலான இடத்தோடு இணையத்தில் வெளியிடுகிறது. கடைசி ஏழு நாட்கள் மட்டும் அதில் இருக்காது. 77 சமூகப் பகுதிகளின் சராசரியைப் பார்க்காதீர்கள். ஒரே பகுதிக்குள் இரண்டு தெரு தள்ளினால் நிலைமை மாறும், சிகாகோவின் துப்பாக்கிச் சூடுகளில் பெரும்பங்கு மிகச் சில தெருமுனைகளில்தான் நடக்கிறது. நீங்கள் பார்க்கும் வீட்டைச் சுற்றி நான்கைந்து பிளாக் தூரத்துக்குக் கடந்த மூன்று ஆண்டுகளின் வழிப்பறி, துப்பாக்கிச் சூடு இரண்டையும் மட்டும் எண்ணுங்கள். கார் நிறுத்துமிடம் வெளியே என்றால் கார் திருட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணிக்கு ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். மளிகைக்காக எப்படியும் டெவன் அவென்யூவுக்குப் போவீர்கள். இந்தியரும் பாகிஸ்தானியரும் ரோஹிங்கியா மக்களும் நிறைந்த அந்தத் தெருவை உங்கள் நண்பரின் அளவுகோலால் விலக்க வேண்டும், ஆனால் அவரும் அங்கேதான் கறிவேப்பிலை வாங்குகிறார் என்று நினைக்கிறேன். லிட்டில் வில்லேஜின் கிழக்குப் பக்கத்தில் வீடு பார்த்தால் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள். மாவட்டச் சிறை அங்கே இருக்கிறது. உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்களாகவே மக்கள்தொகைக் கணக்கில் ஏறுகிறார்கள். அவர்களைக் கழிக்காமல் லட்சம் பேருக்கு இத்தனை என்று வகுத்தால் அந்தத் தெருக்களின் கணக்கு எதுவுமே சரியாக வராது.